பழி ஓரிடம், பழுது ஓரிடம்

கணிப்பொறித் திரையில் தோன்றும் கறைக்கும் ஒரு வரலாறு உண்டு. விளையாட்டின் நடுவே மலைச்சரிவில் பச்சைச் சதுரங்கள் முளைக்கின்றன. வானத்திலிருந்து செங்குத்தான கோடுகள் சீரான இடைவெளியில் இறங்குகின்றன. ஒரு மனித முகம் முக்கோணங்களாகச் சிதறித் திரையின் மூலைக்கு இழுபடுகிறது. பிறகு எல்லாம் கறுத்து, விசிறி மட்டும் இரைகிறது. உறுப்புகளைத் தாமே வாங்கிக் கூட்டி விளையாட்டுக் கணிப்பொறி அமைத்துக்கொண்டவர்கள் இக்காட்சிகளில் ஒன்றையேனும் கண்டிருப்பர். நாஞ்சில் நாட்டில் இதற்கென்று ஒரு தீர்ப்பு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. "உப்புக்காத்து பட்டிருக்கு, பாத்துக்கிடுங்க" என்பதே அது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. அட்டை போயிற்று, குற்றவாளி கடல், வேறொன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தீர்ப்பைச் சற்று விசாரித்துப் பார்ப்பதே நம் நோக்கம். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பது நம் பழமொழி. கடைத்தெருவில் கிராபிக்ஸ் கார்டு என்று வழங்கும் வரைகலை அட்டைகள் பழுதுபட்ட கதைகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், அவை இப்பழமொழிக்கு எழுதிய உரையைப் போலவே இருக்கின்றன. பழுது தெரிகிற இடம் ஒன்று. அது இருக்கிற இடம் வேறொன்று. பழியோ இவ்விரண்டு இடங்களையும் விட்டுவிட்டு, கைக்கெட்டிய தூரத்தில் நிற்பவர் மேல் விழுகிறது.

கூட்டிச் சேர்த்த கணிப்பொறி என்பதன் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வர்த்தக உடன்படிக்கையில் இந்தியா 1997இல் சேர்ந்தது. 2005க்குள் கணிப்பொறி உறுப்புகள் பெரும்பாலானவற்றின் மேலிருந்த சுங்கவரி படிப்படியாக நீங்கிற்று. சென்னை ரிச்சி தெருவில் பெட்டி பெட்டியாக இறங்கிய உறுப்புகள் நாகர்கோவில் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. தாய்ப்பலகை ஒரு நிறுவனத்துடையது, செயலி இன்னொன்றுடையது, மின்வழங்கி, நினைவகம், வரைகலை அட்டை ஆகியவை வேறு வேறு நிறுவனங்களுடையவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவாதம் உண்டு. முழுப்பெட்டிக்குப் பொறுப்பேற்கிறவர் எவரும் இல்லை. பழுது நேரும்போது ஒவ்வொரு கடைக்காரரும் அடுத்த உறுப்பைக் கைகாட்டுவார். ஆகவே உடைமையாளரே நோயாளியின் உறவினராகவும் மருத்துவராகவும் இருந்தாக வேண்டும்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய இடர் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பல உத்தரவாதப் பத்திரங்கள் ஈரம், துரு, அரிப்பு ஆகியவற்றால் நேரும் சேதத்தை விலக்கி வைக்கின்றன. அதாவது 'உப்புக்காற்று' என்ற சொல் கடைக்காரரின் வாயில் வெறும் அனுமானமாக இருக்கலாம். பத்திரத்தின் முன் அதுவே உடைமையாளருக்கு எதிரான தீர்ப்பாகிவிடுகிறது. கடலோரத்தில் பிறந்தவர் கடலோரத்தில் வாழ்வதே குற்றம் என்ற நிலை. ஆகவே இது பொழுதுபோக்குப் பொருளொன்றைப் பற்றிய சிறு விவகாரம் மட்டுமன்று. நேர்மையான விசாரணை என்றால் என்ன என்ற கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கிறது.

*

திரைக் கறையின் வரலாற்றை 1981இலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டது. அதில் பொருத்துவதற்கு வண்ண வரைகலை அட்டை ஒன்றும் கிடைத்தது, சி.ஜி.ஏ. என்பது அதன் சுருக்கப்பெயர். அதன் நினைவகம் 16 கிலோபைட். வரிக்கு 80 எழுத்துகள் காட்டும் நிலையில் அதைப் பயன்படுத்தியவர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். எழுத்துகள் மாறும்போதெல்லாம் திரை முழுவதும் வெண்புள்ளிகள் பனி கொட்டுவதுபோல் உதிர்ந்தன. 'பனி' என்றே அதற்குப் பெயரும் அமைந்தது.

அட்டையில் எந்த உறுப்பும் கெட்டிருக்கவில்லை. திரையில் காட்டுவதற்காக அட்டை தன் நினைவகத்தைப் படித்துக்கொண்டிருக்கும் அதே கணத்தில் செயலியும் அந்நினைவகத்தில் எழுத வந்தால், அக்கணத்துக்கு அட்டைக்குத் தவறான எழுத்து கிடைக்கும். அது புள்ளியாகத் தெறிக்கும். ஒரே வாசல், இருவர் நுழைகிறார்கள். இரு வாசல் வைத்த நினைவகம் விலை அதிகம் என்பதால் இந்த ஏற்பாடு. திரையின் ஒளிக்கற்றை ஒரு வரியை முடித்து மறுவரிக்குத் திரும்பும் இடைவெளியில் மட்டும் எழுதுவது என்று நிரலர்கள் ஒழுங்கு செய்துகொண்டதும் பனி நின்றது.

இதிலிருந்து நாம் பெறும் முதல் பாடம், திரையில் தெரியும் படம் என்பது நினைவகத்தின் நிழல் என்பதுதான். இன்று 16 கிகாபைட் நினைவகம் கொண்ட அட்டைகள் வீடுகளில் இருக்கின்றன. அது 1981இன் அட்டையைவிடப் பத்து லட்சம் மடங்கு. ஆனால் நிழல் நிழல்தான். அட்டையின் நினைவகம் பல சில்லுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு சில்லும் படத்தின் ஒரு பங்கைச் சீரான முறை வைத்துச் சுமக்கிறது. அவற்றில் ஒன்று தளர்ந்தால் கறையும் சீராகவே விழும். சதுரங்கப் பலகை போலவோ, ஒரே இடைவெளியில் இறங்கும் கோடுகளாகவோ தோன்றும். ஒழுங்கற்றுச் சிதறும் முக்கோணங்கள் வேறு கதை. அவை உருவங்களின் முனைகளைக் கணக்கிடும் வேலையில் நேர்ந்த பிழைகள். சில்லு தன் சக்திக்கு மீறி விரட்டப்படுவதாலோ, இயக்கி மென்பொருளின் கோளாறாலோ அவை வரக்கூடும். கறையின் வடிவமே முதல் சாட்சியம்.

*

நினைவகம் பிழைபடுவதன் வரலாற்றில் நம் மண்ணுக்கும் எதிர்பாராத ஓர் இடம் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கரிய மணலை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். அதில் தோரியம் இருந்தது. மின்விளக்கு பரவாத அக்காலத்தில் எரிவாயு விளக்குகளின் வலைத்திரிகளுக்குத் தோரியம் இன்றியமையாதது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. விடுதலைக்குப்பின் 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. 1965இல் மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் கைக்கு வந்தது.

அதே தோரியம் 1978இல் வேறொரு வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது. இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகளில் காரணமில்லாமல் துகள்கள் மாறின. எங்கோ ஓரிடத்தில் 1 என்று எழுதியது 0 ஆகிவிடும். மறுபடி எழுதினால் சரியாக இருக்கும். எந்தச் சோதனையிலும் சில்லில் பழுது இல்லை. டிமோதி மே, முர்ரே வுட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அவ்வாண்டு காரணத்தை அறிவித்தனர். சில்லைப் பொதிந்திருந்த உறையின் பொருளில் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை உமிழ்ந்த ஆல்ஃபா துகள் சில்லினுள் பாய்ந்து, அங்கிருந்த நுண்ணிய மின்னேற்றத்தைப் புரட்டிவிட்டது. தடயம் எதையும் விட்டுச்செல்லாததால் இதை 'மென்பிழை' என்கிறார்கள்.

இதைப் படித்ததும், அப்படியானால் மணவாளக்குறிச்சி மணலருகே உள்ள வீடுகளில் வரைகலை அட்டைகள் தடுமாறாவா என்ற கேள்வி எழுவது இயல்பு. எழவேண்டிய கேள்விதான்; விடை 'தடுமாறா' என்பது. ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். காற்றில் சில சென்டிமீட்டருக்கு மேல் அது பயணம் செய்யாது. தோரியம் சில்லின் உறைக்குள்ளேயே இருந்தால்தான் தீங்கு. தோரியத்தின் மேல் கோடிக்கணக்கான டன் மணலாக நாம் அமர்ந்திருந்தாலும் அட்டைக்கு அதனால் ஆபத்தில்லை; தொலைதூர ஆலையொன்றில் உறைக்குள் கலந்த அணுத்தூள்தான் பிழை செய்தது. பொருள் ஒன்றே, ஆனால் குற்றம் நிகழ்ந்த இடம் வேறு. பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக எவரையும் தண்டிக்க முடியாது அல்லவா?

மென்பிழை நமக்குச் சொல்லித்தருவதும் ஒன்றுண்டு. என்றோ ஒருநாள் ஒரே ஒரு புள்ளி மின்னி மறைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வங்கிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்குமான கணிப்பொறிகளில் பிழை திருத்தும் நினைவகம் வைக்கிறார்கள். விளையாட்டு அட்டைகள் பெரும்பாலானவற்றில் அது இருப்பதில்லை. மலைச்சரிவின் ஒரு புல் தவறான நிறத்தில் ஒரு கணம் தெரிந்தால் யாருக்கு நட்டம்? அதே கறை அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வருமானால்தான் அது பழுது.

*

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் தாய்ப்பலகைகளிலும் வரைகலை அட்டைகளிலும் மின்தேக்கிகள் உப்பி வெடித்தன. உருளை வடிவான சிறு தகரக்குப்பிகள் அவை. தலைப்பக்கம் புடைத்து, பழுப்புநிறக் கசிவு வழிந்திருக்கும். குப்பியினுள் இருந்த மின்பகு திரவத்தின் சேர்மானக் குறையே காரணம். 1999 முதல் 2007 வரை பரவிய இந்நோயால் டெல் நிறுவனம் 2005இல் சுமார் 30 கோடி டாலரை ஒதுக்கிவைக்க நேர்ந்தது. நம் ஊரில் அதே குப்பிகள் வெடித்தபோது மின்னழுத்த ஏற்றத்தாழ்வு என்றே பெரும்பாலும் சொல்லப்பட்டிருக்கும். சொன்னவர்களைக் குறைகூற முடியாது. அவர்கள் கண்முன் இருந்தது மின்வாரியக் கம்பம்தான், தொலைவில் இருந்த திரவ ஆலை அல்ல.

அடுத்தது 2008. அவ்வாண்டு ஜூலை 2 அன்று என்விடியா நிறுவனம் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் ஓர் அறிக்கை அளித்தது. மடிக்கணினிகளில் இருந்த தன் வரைகலைச் சில்லுகள் வழக்கத்துக்கு மாறான விகிதத்தில் பழுதாவதாகவும், அதை ஈடுசெய்ய 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாகவும் அதில் கூறியது. சில்லும் உறையும் சேரும் இடத்தின் பொருள்கள் வலுவற்றவை என்பதை அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் கணினியின் வெப்ப வெளியேற்ற அமைப்பையும், வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதத்தையும் உடன் காரணங்களாகச் சேர்த்துக்கொண்டது. ஆலையில் உருவான பலவீனத்துக்கு, பொருளை வாங்கியவரின் பயன்பாடும் பங்காளியாக்கப்பட்டது. ஓராண்டு முன்னதாக, 2007 ஜூலையில், மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிகளின் உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருந்தது. அப்பெட்டியில் என்ன உடைந்தது என்று அந்நிறுவனமே 2021இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் விளக்கியது. சூடாகிக் குளிர்ந்து, மீண்டும் சூடாகிக் குளிர்ந்து, சில்லின் உறைக்குள் இருந்த நுண்ணிய இணைப்புகள் விண்டிருந்தன.

இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. வரைகலைச் சில்லு சிலிக்கானால் ஆனது. அது அமர்ந்திருக்கும் அடித்தளம் ஒருவகைப் பிசின் பலகை. சூடேறும்போது சிலிக்கான் விரியும் அளவு, அப்பலகை விரிவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. இவ்விரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான பற்றாசுக் குமிழ்கள் பாலமாக நிற்கின்றன. ஒரு காலை அசையாத படகிலும் மறுகாலை அசையும் படகிலும் வைத்து நிற்பவரின் நிலை அவற்றுக்கு. கணிப்பொறியை இயக்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அவை ஒரு தடவை வளைகின்றன. வளைந்து வளைந்து ஒருநாள் அவற்றில் ஒன்று விண்டுபோகிறது.

அக்காலத்தில் இன்னொரு பழியும் உலவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை விதித்திருந்தது. ஈயம் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும். புதிய வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவைக்கு 217 பாகை வேண்டும். புதிய பற்றாசு நொய்ம்மையானது, ஆகவே எல்லாப் பழுதும் அதனால்தான் என்று பலர் முடிவுகட்டினர். சில்லையும் அடித்தளத்தையும் இணைக்கும் உள்குமிழ்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அங்கே ஈயம் தொடர்ந்து புழங்கிற்று. சுற்றுச்சூழல் சட்டத்தின் மேல் சுமத்தப்பட்ட பழியில் ஒரு பெரும்பகுதி இடம் மாறி விழுந்த பழிதான்.

இதனோடு சேர்ந்து பிறந்ததுதான் அட்டையை அடுப்பில் வேகவைக்கும் வைத்தியம். பழுதான அட்டையை ரொட்டி சுடும் மின்னடுப்பில் சுமார் 200 பாகையில் பத்து நிமிடம் வைத்தெடுத்தால் உயிர் பெறும் என்று உலகெங்கும் சொன்னார்கள். சில அட்டைகள் உயிர் பெற்றதும் உண்மை. பற்றாசு மறுபடி உருகி ஒட்டிக்கொண்டது என்று விளக்கம் தந்தார்கள். 217 பாகையில் உருகுவது 200 பாகையில் எப்படி உருகும்? வெப்பத்தில் எல்லாம் விரிந்து, விண்ட முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, அவ்வளவே. சில வாரங்களில் கறை திரும்பி வந்தது. காரணம் தெரியாமல் கிடைக்கும் குணம், நோயின் இடத்தை மறைத்துவிடுகிறது.

*

இனி, கடலின் மேல் உள்ள வழக்குக்கு வருவோம். கடல் முற்றிலும் நிரபராதி என்று வாதிட நாம் இங்கே வரவில்லை.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று நாஞ்சில் நாட்டுக்கு இரு போகம் நெல் தந்தவை இரு பருவமழைகள். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமும் நமக்கு உரியவை. ஆகவே காற்றில் ஈரம் மிகுந்த மாதங்கள் இங்கே கூடுதல். சமையலறை உப்புச்சாடியில் மழைக்காலத்தில் கல்லுப்பு நீர்விடுவதைப் பார்த்திருக்கிறோம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடு ஈரமே போதும். புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்புநீரின் கசப்பு இந்த மெக்னீசியத்தால் வருவது. கடல்காற்று கொண்டுவரும் நுண்துளி அட்டையின் மேல் காய்ந்து படிந்தால், அந்தப் படிவு கோடையிலும் முற்றாகக் காய்வதில்லை. மின்னோட்டமுள்ள இரு செம்புத் தடங்களுக்கு நடுவே ஈரஉப்பு நின்றால் அரிப்பு தொடங்கும். கசிவு மின்னோட்டமும் பிறக்கும். இது உண்மை.

ஆனால் அதற்கு எல்லை உண்டு. கடல்துளியின் படிவு கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் செங்குத்தாகக் குறைந்துவிடுகிறது. முட்டத்திலோ குளச்சலிலோ மணக்குடியிலோ கடலைப் பார்த்துச் சன்னல் வைத்த வீட்டில் எழும் ஐயம் நியாயமானது. மலையடிவாரக் குலசேகரத்தில் அதே ஐயத்தை எழுப்புவது நியாயமாகாது. மேலும் உப்பு சாட்சியம் வைக்காமல் வேலை செய்வதில்லை. பெட்டியின் இரும்புத் திருகுகள் துருவேறியிருக்கும். அட்டையின் அலுமினியத் தகடுகளில் வெண்பொடி பூத்திருக்கும். செம்பு தெரியும் இடங்களில் பச்சை படர்ந்திருக்கும். திருகுகள் வாங்கிய நாள் போலவே மின்னிக்கொண்டிருக்க, உள்ளே இருக்கும் சில்லை மட்டும் கடல் தேடிப் போய்த் தின்றது என்றால் அதை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

வெயிலும் அவ்வாறே. குமரியின் கோடை உள்நாட்டு மாவட்டங்களின் கோடையைவிட மிதமானது. அறையின் வெப்பம் பத்துப் பாகை கூடினால் அட்டையின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். இன்றைய அட்டைகள் வெப்பம் எல்லையை நெருங்கியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே வெறும் புழுக்கத்தால் முதலில் வருவது தளர்ச்சி. கறை பெரும்பாலும் அதன்பின்னரே.

மின்சாரத்தைப் பற்றிய ஐயத்துக்கு வலு அதிகம். 2012இல் சென்னைக்கு வெளியே தமிழகம் நாள்தோறும் பல மணிநேரம் இருளில் கிடந்தது நினைவிருக்கும். அப்போது வீடுதோறும் நுழைந்த இன்வெர்ட்டர்களில் பல, சீரான அலையாக மின்சாரம் தருவதில்லை. படிக்கட்டு வடிவில் தருகின்றன. நவீன மின்வழங்கிகளில் சில அதை ஏற்காமல், மின்சாரம் போன கணத்திலேயே அணைந்துவிடும். இதை அட்டையின் பழுதென்று எண்ணி அட்டையை மாற்றினாலும் பயன் இருக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கடந்தபோது மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் மீண்டு வரும்போதும், தென்னை சாய்ந்து நியூட்ரல் கம்பி அறுபடும்போதும் 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். அதனால் அடிபட்ட மின்வழங்கி உடனே சாகாமல், விளையாட்டு உச்சத்தில் இருக்கும் வேளைகளில் மட்டும் கைவிடலாம். எர்த் குழியில் உப்பும் கரியும் இட்டு நிலவிணைப்பைக் காப்பது நம் பழைய வழக்கம். அட்டைக்குப் பகையான உப்பே அங்கே காவலாக நிற்கிறது.

*

பழி எப்போதும் எளியவர் மேல்தான் விழும், ஆலைதான் எப்போதும் குற்றவாளி என்ற முடிவுக்கு வந்துவிட்டாலும் அதுவும் விசாரணையற்ற தீர்ப்பே. 2020 செப்டம்பர் 17 அன்று வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3080 அட்டைகளில் சில, விளையாட்டின் நடுவே செயலிழந்தன. அட்டையின் முதுகில் மலிவான மின்தேக்கிகளை வைத்ததே காரணம் என்று உலகமே படம் எடுத்துக் காட்டியது. செப்டம்பர் 28 அன்று என்விடியா புதிய இயக்கி மென்பொருளை வெளியிட்டதும் பெரும்பாலான அட்டைகள் அடங்கிவிட்டன. ஒரு திருகும் கழற்றப்படவில்லை.

2024இன் வழக்கு இன்னும் சுவையானது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளை வைத்திருந்தவர்களுக்கு, விளையாட்டைத் திறக்கும்போது வரைகலை நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்தது. நிறைய நினைவகம் உள்ள விலையுயர்ந்த அட்டையிலும் அதே அறிவிப்பு. அட்டையை மாற்றியும் தீரவில்லை. பழுது செயலியில் இருந்தது. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் செயலியின் ஒரு பகுதி மூப்படைந்து, தவறாகக் கணக்கிட்டு, அந்தப் பிழை வரைகலை நினைவகத்தின் பெயரால் வெளிப்பட்டது. 2024 செப்டம்பரில் இன்டெல் மூலகாரணத்தை அறிவித்தது; உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. திரை தன் வாயாலேயே அட்டையின் பெயரைச் சொல்லியும் அட்டை நிரபராதியாக இருந்தது.

*

இவ்வழக்குகளிலிருந்து ஒரு விசாரணை முறையைத் தொகுத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது அதன் முதல் விதி. இரண்டை ஒருசேர மாற்றினால், குணமானாலும் காரணம் தெரியாது.

முதலில் திரையை விசாரிக்க வேண்டும். திரையின் சொந்தப் பட்டியை அதன் பொத்தானை அழுத்தி வரவழைத்தால், கறை அப்பட்டியின் மேலும் படர்கிறதா என்று பார்க்கலாம். படர்ந்தால் குற்றம் திரையினுடையது. அடுத்து, கறை தெரியும் வேளையில் கணிப்பொறிக்குள்ளேயே திரைப்பிடிப்பு எடுத்து அதைக் கைபேசியில் பார்க்க வேண்டும். அங்கும் கறை இருந்தால் அது நினைவகத்திலோ கணக்கிலோ பிறந்தது. இல்லையென்றால் கேபிளிலோ அதன் முனைகளிலோ பிறந்திருக்கலாம். முனையைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குச் செலவில்லை.

பிறகு காலத்தை விசாரிக்க வேண்டும். கணிப்பொறியை இயக்கியதும், விண்டோஸ் எழுவதற்கு முன்பே கறை இருந்தால் மென்பொருள் விடுதலை பெறுகிறது. ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் வந்தால் அட்டை விடுதலை பெற வாய்ப்பு மிகுதி. கால்மணி நேரம் கழித்து வந்தால் விசிறியையும் வெப்பப்பசையையும் பார்க்க வேண்டும். உச்சக் காட்சியில் முழுப்பெட்டியும் அணைந்தால் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும். திரை ஒரு கணம் கறுத்து, இயக்கி மென்பொருள் மீண்டுவிட்டது என்ற செய்தி வந்தால், அட்டை இரண்டு விநாடிக்கு மேல் பதிலளிக்காமல் இருந்திருக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து வழங்கும் காவல் ஏற்பாடு அது. அட்டையின் வேகத்தை ஐம்பதோ நூறோ மெகாஹெர்ட்ஸ் குறைத்ததும் கறை மறைந்தால், சில்லோ நினைவகமோ மூப்படைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இறுதியாக இடமாற்றம். செயலியிலேயே வரைகலை வசதி இருந்தால் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதில் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். அட்டையை நண்பர் ஒருவரின் கணிப்பொறியில் பொருத்திப் பார்ப்பது எல்லாவற்றினும் சிறந்த சோதனை. அட்டையோடு கறையும் போனால் குற்றம் அட்டையினுடையது. கறை இங்கேயே நின்றுவிட்டால் அட்டையை வணங்கித் திரும்ப அழைத்துவர வேண்டும். பொருத்துமுன் அதன் பொன்முலாம் பூசிய விளிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பது நல்லது. ஒவ்வொரு படியையும் தேதியிட்டு எழுதிவைத்து, திருகுகளையும் தகடுகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டால், உத்தரவாதத்தை மறுப்பவரிடம் காட்டுவதற்கு அதுவே ஆவணம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். எத்திரியம் நாணயத்தை அட்டைகளால் அகழ்ந்தெடுக்கும் முறை 2022 செப்டம்பர் 15 அன்று முடிவுக்கு வந்ததும், ஓய்வின்றி உழைத்த அட்டைகள் பழைய சந்தையில் வந்து குவிந்தன. புதியது வாங்க இயலாத பிள்ளைகள் அவற்றைத்தான் வாங்கினார்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் உத்தரவாதமும் கிடையாது. கறை விழுந்த அன்று அவர்களுக்குக் கிடைப்பது ஒரு வரித் தீர்ப்பு. அதை நம்பினால் சேமித்த பணம் போகிறது, பழுதில்லாத அட்டை குப்பைக்குப் போகிறது, பழுதுள்ள மின்வழங்கி அடுத்த அட்டைக்காகக் காத்திருக்கிறது. கறைக்கான காரணத்தைப் பொறுமையாகத் தேடியவருக்கு, அட்டை உண்மையிலேயே இறந்திருந்தாலும், எதனால் இறந்தது என்ற தெளிவாவது மிஞ்சும்.

கடல் குற்றவாளியாக இருந்த வழக்குகளும் நம் கரையில் உண்டு, இனியும் வரும். அப்போது பச்சை பூத்த செம்பையும் வெண்பொடி படிந்த தகட்டையும் சாட்சியாக வைத்துத் தீர்ப்பெழுதுவோம். அதுவரை ஒரு திருகையாவது கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் கடலின் மேல் பழி சொல்ல வேண்டாம்.